சன்மானம் அல்ல, கூலி: கறுப்பினப் பெண்களின் படைப்புழைப்பும் அதன் கணக்கும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குப் பணத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். நினைவுக் கூட்டத்தில் பணப் பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். கூலிப் போராட்டத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்த ஒரு தோழரை நினைவுகூரும் நாள் இது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தின் பக்கம் நின்றவர்கள். கூலி என்ற சொல்லின் எடை நமக்குத் தெரியும். அந்தச் சொல்லைப் பாட்டுக்கும் கதைக்கும் தையலுக்கும் கொண்டுசென்றால் என்ன ஆகும் என்று இன்று பார்ப்போம்.

தமிழில் உள்ள ஒரு வழக்கைக் கவனியுங்கள். வயலில் இறங்கினால் கூலி. அலுவலகத்தில் உட்கார்ந்தால் சம்பளம். கதை எழுதினால் சன்மானம். மேடையில் பாடினால் அன்பளிப்பு, அதுவும் இல்லையென்றால் ஒரு பொன்னாடை. கூலியையும் சம்பளத்தையும் கேட்டு வாங்கலாம். தராவிட்டால் வழக்குப் போடலாம், கொடி பிடிக்கலாம். சன்மானத்தைக் கேட்க முடியாது. கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கேட்டால், ‘கலையை விற்கிறாளா?’ என்ற பேச்சு வரும். படைப்பை உழைப்பாகக் கருதாத மனம் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அந்த வரலாறு நமக்கு அந்நியமானது அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1946-ல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்களுடைய கவிதைகளையும் தன்வரலாறுகளையும் நாம் மொழிபெயர்த்து வாசித்திருக்கிறோம். அவர்களுடைய கணக்கு வழக்கை வாசித்தது குறைவு. இன்று அதை வாசிப்போம்.

கையெழுத்திட்ட பிரதி

ஃபிலிஸ் வீட்லி ஏழு, எட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு 1761-ல் பாஸ்டன் நகரில் விற்கப்பட்டவர். அவருக்கு வைக்கப்பட்ட பெயர், அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். 1773-ல் அவருடைய கவிதை நூல் லண்டனில் வெளியானது. ஒரு கறுப்பின அடிமைப் பெண் இப்படி எழுத முடியுமா என்ற ஐயத்தைப் போக்க, பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் ‘இவர்தான் எழுதினார்’ என்று சான்றொப்பம் இட்டனர். இந்தச் சான்றொப்பக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

அப்போதுதான் அவருக்கு விடுதலை கிடைத்திருந்தது. நியூ ஹேவனில் இருந்த டேவிட் ஊஸ்டர் என்பவருக்கு அவர் எழுதினார். புத்தக விற்பனையில் பாதி தனக்கு வரவேண்டியது. இனித் தன் வாழ்க்கைக்கு அதுவே முதன்மையான ஆதாரம். எனவே சந்தா சேர்த்துத் தர வேண்டும். உங்கள் ஊர் அச்சகத்தார் யாரும் தாமாக மறு அச்சுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போட்டாலும், உண்மைப் பிரதியில் என் கையெழுத்து இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். கடிதத்தின் சாரம் இதுதான். விடுதலை பெற்றவுடன் ஒரு கறுப்பினப் பெண் கவிஞர் விற்பனைப் பங்கு, திருட்டுப் பதிப்பு, அசல் பிரதிக்கு அடையாளம் என்று கறாராகப் பேசியிருக்கிறார். ‘கலைஞருக்குக் கணக்கு தெரியாது’ என்பவர்கள் 1773-ன் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு தெரிந்தும் அவர் பிழைக்க முடியவில்லை. இரண்டாவது தொகுப்புக்கு 1779-ல் விளம்பரம் செய்தார். போதிய சந்தாதாரர் சேரவில்லை. 1784-ல், ஏறத்தாழ 31 வயதில், வறுமையில் இறந்தார். அந்தத் தொகுப்பு வெளிவரவே இல்லை.

அடிக்கப்பட்ட ஒரு வரி

பெஸ்ஸி ஸ்மித் 1923-ல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடத் தொடங்கினார். முதல் இசைத்தட்டே சில மாதங்களில் லட்சக்கணக்கில் விற்றது. அவருக்குக் கிடைத்தது, வெளியிடத் தகுந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 125 டாலர். ஒப்பந்தப் படிவத்தில் இருந்த உரிமைத்தொகைப் பகுதியைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். ஒரு தட்டு ஆயிரம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அவருக்கு அதே பணம்தான்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு செய்தி உண்டு. தொடக்கத்தில் அந்த 125 டாலரிலும் பாதியை எடுத்துக்கொண்டவர் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆண். அவர் பியானோக் கலைஞர், இடைத்தரகராகவும் இருந்தார். நிறுவனம் வெள்ளையருடையது, தரகு சொந்த இனத்தாருடையது. இனச் சுரண்டலும் ஆணாதிக்கமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தன. சாதியையும் ஆணாதிக்கத்தையும் சேர்த்தே எதிர்க்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெஸ்ஸி 1937-ல் கார் விபத்தில் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு கல் நடப்பட்டது 1970-ல்தான். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ஜானிஸ் ஜாப்ளின் என்ற வெள்ளையினப் பாடகி. அவர் பெயர் இன்னொரு கணக்கிலும் வரும்.

எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் ஒப்பந்தம் வேறு வகை. அவர் பார்னார்டு கல்லூரியில் மானுடவியல் படித்தவர். தெற்கு மாநிலங்களில் தன் மக்களின் கதைகளையும் பாடல்களையும் சடங்குகளையும் திரட்டியவர். 1927 டிசம்பரில் ஷார்லட் ஆஸ்குட் மேசன் என்ற செல்வந்தப் பெண்ணுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். மாதம் 200 டாலர். அன்றைக்கு அது நல்ல தொகை. ஆனால் திரட்டப்படும் அனைத்தும் மேசனின் உடைமை. அவர் அனுமதி இல்லாமல் ஸோரா எதையும் வெளியிட முடியாது. தன் ஊர்த் திண்ணையில் தன் மக்கள் தனக்குச் சொன்ன கதை, எழுதி முடித்த மறுகணமே இன்னொருவருடைய சொத்து. அந்த அம்மையாரை ஆதரவு பெற்ற கலைஞர்கள் ‘ஞானத்தாய்’ என்று அழைக்க வேண்டியிருந்தது. புரவலர் என்ற உறவு எவ்வளவு அன்பாகப் பேசினாலும் உடைமை யாரிடம் என்ற கேள்வியில் அதன் முகம் தெரிந்துவிடுகிறது.

ஸோராவின் நாவல் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ 1937-ல் வந்தது. இன்று அது பல்கலைக்கழகப் பாடநூல். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நூலுக்கு அவர் பெற்ற மிகப் பெரிய உரிமைத்தொகை 943 டாலர் 75 சென்ட். 1950-ல் அவருடைய சிறுகதை ஒரு பெரிய இதழில் வெளியானபோது அவர் மயாமியில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். 1960-ல் அரசு ஆதரவு இல்லத்தில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு நிதி திரட்ட வேண்டியிருந்தது. பெயர் பொறிக்கப்படாத அந்தப் புதைகுழியை 1973-ல் தேடிப் போய்க் கல் நட்டவர் ஆலிஸ் வாக்கர். இறந்த பின் கல் நடுவது நம் கடமை. உயிரோடு இருந்தபோது கணக்குத் தீர்க்கப்பட்டதா என்று கேட்பது அதைவிடப் பெரிய கடமை.

பாடியவரைச் சட்டம் பார்க்கவில்லை

‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டை எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டாகவே உலகம் அறியும். அதை முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன். 1952-ல் பதிவாகி 1953-ல் வெளியான அந்தத் தட்டு, கறுப்பின இசைக்கான பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்று அவர் பின்னாளில் சொன்னார். 1956-ல் எல்விஸ் பாடி உலகப் புகழ் பெற்றார். எழுத்தும் இசையும் லீபர், ஸ்டோலர் என்ற இருவருடையவை. அவர்களுக்கு உரிமை இருந்தது. அந்தப் பாட்டுக்கு உறுமலும் நக்கலும் நடையும் தந்த குரலுக்குச் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், இன்றுகூட, எழுதியவர் பக்கம் பணம் போகும், பாடியவருக்குப் போகாது.

அப்படியானால் அவரே எழுதியிருந்தால்? எழுதினார். ‘பால் அண்ட் செயின்’ அவருடைய பாட்டு. ஒரு சிறு நிறுவனம் அதைப் பதிவு செய்து, வெளியிடாமல் கிடப்பில் போட்டு, பதிப்புரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. 1968-ல் ஜானிஸ் ஜாப்ளினின் இசைக்குழு அதைத் தன் தட்டில் வெளியிட்டுப் பெரும் வெற்றி பெற்றபோது, பதிப்பாளர் பங்கு தார்ன்டனுக்கு வரவில்லை. ஜாப்ளின் அவரைப் போற்றினார், அவர் பெயரை மேடையில் சொன்னார். அந்த மதிப்பு உண்மையானது. ஆனால் மதிப்பு தனிமனிதரிடமிருந்து வருகிறது. பணம் ஒப்பந்தத்தின் வழியே போகிறது. நல்ல மனம் ஒப்பந்தத்தைத் திருத்தாது.

லவெர்ன் பேக்கரின் ‘ட்வீடில் டீ’ பாட்டை 1955-ல் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளையினப் பாடகி இசையமைப்பு உட்பட அப்படியே நகலெடுத்துப் பாடினார். வெள்ளையர் கேட்கும் வானொலிகள் அந்த நகலையே ஒலிபரப்பின. பேக்கர் சும்மா இருக்கவில்லை. டெட்ராய்ட் நகரின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதி, இப்படி வரிக்கு வரி நகலெடுப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். சட்டம் வரவில்லை. பின்னொரு முறை விமானத்தில் போகும்போது ஆயுள் காப்பீடு எடுத்து, பயனாளி இடத்தில் ஜார்ஜியா கிப்ஸின் பெயரை எழுதினார் என்று சொல்வார்கள். நான் செத்தால் அவருக்குத்தானே பிழைப்புப் போகும் என்பது காரணம். நம் ஊர்ப் பெண்களின் எகத்தாளம் எங்கும் இருக்கிறது, தோழர்களே.

கடனாக மாறிய கூலி

இனி ரூத் பிரவுன். 1949 முதல் பத்தாண்டு காலம் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வெற்றி மேல் வெற்றி கொடுத்தவர். ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அந்த நிறுவனத்தைச் சொல்வார்கள். 1960-களில் வாய்ப்பு குறைந்ததும் அவர் வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். தட்டுகள் தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருந்தன. உரிமைத்தொகை எங்கே என்றால், நிறுவனத்தின் கணக்குப்படி அவர்தான் நிறுவனத்துக்குக் கடன்பட்டிருந்தார்.

இது எப்படி நடக்கும்? ஒப்பந்தப்படி பாடகிக்கு விற்பனையில் சில சதவீதம் உண்டு. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தின் செலவு, வாத்தியக்காரர் ஊதியம், கொடுத்த முன்பணம் எல்லாம் பாடகியின் பெயரில் பற்று எழுதப்படும். அது கழிந்த பிறகுதான் அவருக்குக் காசு. பேரேடு நிறுவனத்திடம். எவ்வளவு விற்றது, எவ்வளவு செலவு என்று எழுதுவதும் நிறுவனமே. அடிமைமுறை ஒழிந்த பின் அமெரிக்கத் தெற்கில் வாரச் சாகுபடி செய்த கறுப்பினக் குடும்பங்களுக்கு நடந்தது இதேதான். விதையும் மாவும் துணியும் நிலவுடைமையாளர் கடையில் கடன். பருத்தி எடுத்து முடித்ததும் அவரே கணக்குப் பார்த்து, இன்னும் பாக்கி இருக்கிறது என்பார். நம் தாத்தா பாட்டிகளின் பண்ணை வாழ்க்கையிலும் பேரேடு யார் கையில் இருந்தது என்று நமக்குத் தெரியும். நிலத்தில் கற்ற கணக்கையே இசைத் தொழிலும் எழுதியது.

ரூத் பிரவுன் விடவில்லை. அவருடைய பாட்டைச் சிறுவயது முதல் நேசித்த ஹோவெல் பெகிள் என்ற வழக்குரைஞருடன் சேர்ந்து 1980-கள் முழுவதும் போராடினார். 1988-ல் நிறுவனம் பணிந்தது. அவருக்கும் அவர் காலத்து 35 கலைஞர்களுக்கும் கடன் நிலுவை தள்ளுபடி. 20 ஆண்டுக்கு முன்தேதியிட்டு உரிமைத்தொகை. பழைய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளையும் அந்தப் போராட்டத்தின் விளைவாக உருவானது. அவர் தனக்கு மட்டும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

துணித்துண்டும் நிலமும்

அலபாமாவின் வில்காக்ஸ் மாவட்டத்தில் ஆற்று வளைவு ஒன்றுக்குள் இருக்கிறது கீஸ் பெண்ட். ஒரு காலத்தில் பருத்திப் பண்ணை. முன்னாள் அடிமைகளின் வழிவந்த பெண்கள் பழைய வேலைத்துணிகளைக் கிழித்துத் தைத்த ஒட்டுப்போர்வைகள் குளிருக்குப் போர்த்தத்தான். 1960-களில் அந்தப் பகுதியின் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டார்கள். ஆற்றைக் கடக்க உதவிய படகுச் சேவை 1962-ல் நிறுத்தப்பட்டது. 2006 வரை திரும்ப வரவில்லை. வாக்காளராகப் பதிந்த குடும்பங்கள் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டன.

அந்தச் சூழலில்தான் 1966-ல் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். போர்வைகள் நியூயார்க்கில் விற்றன. வந்த வருமானத்தில் கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கியது, தையல் கூடம் கட்டியது, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனை கொடுத்தது. படைப்புக்கு உரிய விலை வந்தால் அது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறென்ன? நிலமாக ஆனது. மிரட்டினாலும் காலி செய்ய வேண்டாத வீடாக ஆனது.

அதே ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. நவீன ஓவியத்துக்கு நிகர் என்று விமர்சகர்கள் வியந்தார்கள். 2006-ல் அஞ்சல்தலையும் வந்தது. 2007-ல் அந்தப் பெண்களில் மூவர் நீதிமன்றம் போனார்கள். போர்வைகளையும் வடிவங்களையும் வைத்து வந்த வருமானத்தில் தங்களுக்கு நியாயமான பங்கு வரவில்லை என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு மறுத்தது. 2008-ல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இங்கே தீர்ப்பு எழுத நாம் வரவில்லை. அருங்காட்சியகச் சுவர் ஏறிய பிறகும் கணக்குக் கேட்க அந்தப் பெண்கள் தயங்கவில்லை என்பதே நமக்கான செய்தி.

தொகையை வாய்விட்டுச் சொல்வது

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு 2020. ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதற்கு அடுத்த மாதம், எல்.எல். மெக்கின்னி என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர், பதிப்பகம் உங்களுக்கு எவ்வளவு முன்பணம் தந்தது என்று எல்லோரும் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று டுவிட்டரில் அழைத்தார். வெள்ளையின எழுத்தாளர்களையும் அழைத்தார்.

எண்கள் வந்து விழுந்தன. என்.கே. ஜெமிசின், அறிபுனைவுக்கான ஹியூகோ விருதைச் சிறந்த நாவலுக்காக 2016, 2017, 2018 என மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற முதல் எழுத்தாளர். அந்த மூன்று நாவல்களுக்கும் தலா 25,000 டாலர்தான் முன்பணம். ஜெஸ்மின் வார்டு 2011-ல் தேசியப் புத்தக விருது வாங்கிய பிறகும், அடுத்த நூலுக்கு ஒரு லட்சம் டாலர் பெறப் போராட வேண்டியிருந்தது. ரொக்ஸேன் கே தன் முதல் நாவலுக்கு 12,500 டாலர் என்றார். அதே நேரத்தில் முதல் நூலுக்கே நான்கு லட்சம், எட்டு லட்சம் டாலர் பெற்ற வெள்ளையின எழுத்தாளர்கள் தங்கள் தொகையை வெளியிட்டார்கள்.

முன்பணம் என்பது பதிப்பகத்தின் பந்தயம். அதிகம் கட்டிய குதிரைக்குத்தான் அதிகத் தீனி: விளம்பரம், சுற்றுப்பயணம், கடை முகப்பில் இடம். குறைவாகக் கொடுத்த நூலுக்குக் குறைவான விளம்பரம், அதனால் குறைந்த விற்பனை. அடுத்த நூலுக்குத் தொகை பேசும்போது அந்த விற்பனையே சான்றாகக் காட்டப்படும். வெறுப்பு எதுவும் வெளியே தெரியாமல் ஏற்றத்தாழ்வு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வழி இது. நம் நாட்டில் ‘தகுதி’ என்ற சொல் செய்கிற வேலையை அங்கே ‘சந்தை’ என்ற சொல் செய்கிறது.

திரைத் துறையிலும் இப்படித்தான். நகைச்சுவைக் கலைஞர் மோனிக், ஆஸ்கர் விருது பெற்றவர். 2018-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு நிகழ்ச்சிக்குத் தனக்கு ஐந்து லட்சம் டாலர் பேசியதை அவர் வெளியே சொன்னார். வெள்ளையினக் கலைஞர் ஏமி ஷூமருக்கு 1.3 கோடி டாலர் கொடுக்கப்பட்டதை ஒப்பிட்டார். பேராசைக்காரி என்று கேலி செய்தார்கள். 2019-ல் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. 2022-ல் சமரசம் ஆனது. ஐந்து லட்சம் போதாதா என்று கேட்டவர்கள், 1.3 கோடி அதிகமில்லையா என்று கேட்கவில்லை.

நம் மேடைக்கு

மேலே பார்த்த கதைகளில் புகழுக்குக் குறைவில்லை. சான்றொப்பம், கல்லறைக்கல், பாடநூல், அஞ்சல்தலை எல்லாம் கிடைத்தன. கூலி மட்டும் வேறு பக்கம் போனது. கூலி திரும்பி வந்த இடங்களில் மூன்று செயல்கள் நடந்திருக்கின்றன. பேரேட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தொகையை வாய்விட்டுச் சொன்னார்கள். தனியாகக் கேட்காமல் கூட்டாகக் கேட்டார்கள்.

ஒரு கேள்வி வரும். விடுதலைக்கான எழுத்துக்கும் கலைக்கும் விலை பேசலாமா? பேசலாம் என்று மட்டுமல்ல, பேசியே ஆக வேண்டும் என்கிறோம். ஊதியமில்லாக் கலை என்பது வேறு வருமானம் உள்ளவர்களுக்கே வாய்க்கும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வரும் பெண்ணுக்கு அந்த நாள் கூலியே சோறு. அவளை வெறும் கையோடு அனுப்பும் அரங்கம், நாளடைவில் வசதி உள்ளவர்களின் அரங்கமாகவே மாறும்.

எனவே மாணவர்களிடமும் அமைப்புத் தோழர்களிடமும் சில கோரிக்கைகள். ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப் பாட்டும் பதிவு செய்யப் போகிறவர்கள், பாடும் அம்மாவின் பெயரைத் ‘தகவலாளி’ என்று பின்னிணைப்பில் போடாமல் பாடகராக முன்னால் போடுங்கள். பதிவு யாருக்குச் சொந்தம், வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு என்று பதிவுக் கருவியை இயக்கும் முன்பே தாளில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், நிகழ்த்துநர் ஆகியோரின் உரிமைத்தொகைக்கு இடம் இருக்கிறது. படித்த தோழர்கள் அதைப் படித்துப் பாடகிகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் விளக்குங்கள். விழா வரவுசெலவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதும் முன், பறை அடிக்க வரும் பெண்களுக்கும் கவிதை வாசிக்க வரும் பெண்களுக்கும் உரிய தொகையை முதல் வரியில் எழுதுங்கள். ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று கூட்டத்திலேயே வாசியுங்கள். அந்தத் தொகைக்குச் சன்மானம் என்று பெயர் வைக்காதீர்கள். கூலி என்றே எழுதுங்கள்.